பிராம்ட்டர் அண்ணே, அந்த வசனம் யாருடையது?

பிராம்ட்டர் ஒரு பொய்யர். இதை நாற்பது வருஷத்துக்கு மேலாக அவர் முகத்துக்கு நேரே சொல்லி வருகிறேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு தலையை ஆட்டுவாரே தவிர, ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன். மறுப்பதானால் எழுத்திலேயே மறுக்கட்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். கோச்சடையில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார். வருஷா வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெருக்காரர்களே சேர்ந்து நாடகம் போடுவோம். கதை வசனம் எழுதுவதும் ஒத்திகை நடத்துவதும் அவர். ஆனால் மேடையில் தலையைக் காட்டமாட்டார். சைடு படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து, நடிக்கிறவர்களுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். அதனால் பிராம்ட்டர். காதோடு சொல்வதாக அவருக்கு நினைப்பு. முதல் நாலு வரிசைக்கு நாடகம் இரண்டு தடவை நடக்கும்.

மதுரை ஜில்லாவில் அவரளவுக்கு அடுத்தவர் வாயால் பேசிய மனிதர் கிடையாது. பிழைப்பும் அதுதான். பகலில் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுவார். "எங்க ஊருக்குத் தண்ணி வரலைங்க" என்று ஒரு வரி சொல்கிறவனுக்கு மூன்று பக்கம் எழுதிப் படித்துக் காட்டுவார். கேட்டவன் அழுதுவிடுவான். "இம்புட்டுக் கஷ்டத்துலயா இருக்கேன், எனக்கே தெரியலையே சாமி" என்று ஒருவன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால் அவருக்குப் பொறுக்காது. பூசாரி இருமினால் மீதி மந்திரம் இவரிடமிருந்து வரும். துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்கள் மூச்சு வாங்கினால் அடுத்த அடியை ஆண்கள் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். எங்கள் நாடகத்தில் போலீஸ் வேஷம் கட்டுகிற பையன் ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டபோது அவன் தயங்கினான். பின்னாலிருந்து, "பிடிச்சிருக்குன்னு சொல்லு" என்று குரல் வந்தது. பழக்க தோஷம், அவனும் சொல்லிவிட்டான். கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகள். "எனக்குப் பிடிச்சிருந்துச்சா இல்லையான்னு யோசிக்கிறதுக்குள்ள சொல்லிட்டேன்க்கா" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் சோழவந்தான் வண்டியில் கண்டக்டர். பஸ்ஸில் அவர் குரல் வைகைக்கு அக்கரையில் கேட்கும். வீட்டில் பேச்சு குறைவு. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், அந்தக் குறைந்த பேச்சும் நின்றது.

வண்டியூரில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. நானும் மகள் மல்லிகாவும் காலையிலேயே போய்விட்டோம். இவர் டியூட்டி முடித்து, காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வந்தார். பந்தல் வாசலில் நின்று, "வாங்க மாப்ள" என்று சொல்லவேண்டிய என் அண்ணன், பின்னால் சமையல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். இவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். திரும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "இனிமே உங்கண்ணன் வாசலை மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காட்டிப் போங்க. அவுங்க வாசலாவது தேயாம இருக்கும்" என்றேன்.

எனக்கு வாய் அப்படி. அதோடு அவர் வாயை மூடியவர்தான், எட்டு மாசம் திறக்கவில்லை.

அந்த எட்டு மாசம் மல்லிகாதான் தபால்காரி. அப்போது அவளுக்குப் பத்து வயசு. "அப்பா, அம்மா சோறு போடவான்னு கேக்குறாங்க." "அம்மா, அப்பா போடச் சொல்றாங்க." ஒரே அறையில், மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூத்து. அவள் பள்ளிக்கூடம் போயிருந்தால் என் வீட்டுக்காரர் கழுத்தில் தொங்குகிற விசிலை எடுப்பார். இரண்டு விசில் என்றால் சோறு போடு. ஒரு விசில் என்றால் போதும், நிறுத்து. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்குள்ளயும் பஸ் வருதாக்கா?" என்று கேட்டாள். அவளோடும் எனக்குப் பேச்சு நின்றது.

இந்த நேரத்தில்தான் திருவிழா வந்தது.

அதற்கு முந்தின வருஷ நாடகத்தில் ஒரு தவறு நடந்திருந்தது. கல்யாணமாகாத ஒருவன் கதாநாயகன். பெண் வேஷம் போட்டிருந்த தையல்காரருக்கு மேடையில் அவன் தாலி கட்டினான். மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு, நாதஸ்வரம், எல்லாம் நிஜம். அதற்குப் பிறகு அவனுக்கு எந்த வரனும் அமையவில்லை. அவன் அம்மா கோயில் வாசலில் நின்று, "மேடையில கட்டுனாலும் கட்டுனது கட்டுனதுதான். எம் மகன் இப்ப அந்தத் தையக்காரன் புருசனாவுல்ல ஆயிட்டான்" என்று கத்தினாள். தையல்காரர் பயந்துபோய்க் கயிற்றை உண்டியலில் போட்டார்.

தெருக் கூட்டத்தில் பிராம்ட்டர் புதுச் சட்டம் போட்டார். மேடையில் தாலி கட்டுகிறவர்கள் வீட்டிலும் புருஷன் பெண்டாட்டியாக இருக்கவேண்டும். மகளாக வருவது சொந்த மகள். அண்ணனாக வருவது சொந்த அண்ணன். தொட்டு நடிக்கிற உறவெல்லாம் வீட்டு உறவாகவே இருந்துவிட்டால் யாருக்கும் தோஷம் இல்லை. எல்லோரும் சரி என்றார்கள். பிறகு அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

தெருவில் முப்பது வீடு இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

வந்தவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "தங்கச்சி, ஒம் புருசனுக்குப் பெரிய வேஷம் வச்சிருந்தேன். நீ சோடின்னதும் மாட்டேன்னுட்டான்."

"அவர் என்ன மாட்டேங்கிறது? நான் நடிக்கிறேன். பேரை எழுதிக்கங்க."

மறுநாள் என் வீட்டுக்காரர் சோழவந்தானிலிருந்து வழக்கம்போல பிராம்ட்டருக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் பிராம்ட்டர் என் பேரைச் சொல்லி, "மாப்ள, நீயின்னதும் சரோசா முடியாதுன்னுட்டா" என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரரும், "அவ என்ன முடியாதுங்கிறது, எழுதுங்கண்ணே" என்றாராம். முதல் பொய் இது. இரண்டு பேரிடமும் ஒரே பொய்.

பிராம்ட்டர் வண்டியூருக்குச் சைக்கிளில் போய் என் அண்ணனையும் பிடித்து வந்துவிட்டார். கதாநாயகி வீட்டுக்கு மாப்பிள்ளை விருந்துக்கு வருகிற காட்சி ஒன்று. கதாநாயகியின் அண்ணன் வாசலில் நின்று, கைகூப்பி, "வாருங்கள் மாப்பிள்ளை, தங்கள் வரவால் இவ்வில்லம் பெருமையுற்றது" என்று சொல்லவேண்டும். பிராம்ட்டர் வசனம் எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

முதல் ஒத்திகையில் என் அண்ணன் அதைச் சொன்னான். என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. பிராம்ட்டரைப் பார்த்து, "அண்ணே, கொரல் பத்தல. திரும்பச் சொல்லச் சொல்லுங்க" என்றார். திரும்பச் சொன்னான். "கும்பிடு சரியில்ல." திரும்பக் கும்பிட்டான். "முகத்துல சந்தோசம் காணோம்." அன்று மட்டும் பதினாறு தடவை. என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நூறு பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவன், எங்கள் தெருவில் வேர்வை வழிய நின்று, "வாருங்கள் மாப்பிள்ளை" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தான்.

என்னிடம் வந்து, "என்ன தாயி, உம் புருசன் இன்னும் எத்தனை தடவை சொன்னா உள்ள வருவாரு?" என்றான்.

"எனக்கென்ன தெரியும். அவரைக் கேளு."

"நீ கேட்டுச் சொல்லேன்."

"நான் பேசறதில்ல. மல்லிகாகிட்டச் சொல்லிவிடு."

ஒரு மாசம் ஒத்திகை நடந்தது. மேடையில் நாங்கள் பேசினோம். "அத்தான்" என்று நான் அழைக்க, "கண்ணே கற்பகம்" என்று அவர் உருக, வேடிக்கை பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஒத்திகை முடிந்து வீட்டுப் படி ஏறினால் இரண்டு விசில். சோறு போட்டேன்.

எனக்கும் பிராம்ட்டருக்கும் சண்டை வந்தது கடைசிக் காட்சியில். கோபித்துக்கொண்டு போன கணவன் பல வருஷம் கழித்துத் தாடியோடு திரும்பி வருகிறான். மனைவி, "அத்தான், என்னை மன்னியுங்கள்" என்று காலில் விழவேண்டும். சுபம்.

"நான் விழமாட்டேன்" என்றேன்.

"நடிப்புத்தானம்மா."

"நடிப்புக்கும் விழமாட்டேன். தப்பு அவர் மேல."

"தப்பு கதாநாயகி மேல தங்கச்சி. கதையில அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்ப கதையை மாத்துங்க."

என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து ஒட்டுத் தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். பிராம்ட்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நோட்டை மூடினார். "அந்த எடத்தை மேடையில பாத்துக்கலாம்" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காதுகுத்து வீட்டில் என் வீட்டுக்காரர் பந்தல் வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் அண்ணனிடம்கூட. தெருவுக்கே தெரிந்த சண்டை, என் அண்ணன் "வாங்க" என்று சொல்லாத சண்டை. மீதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நாடக நாள். தெரு முனையில் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை. விளக்குப் போட்டதும் தெரு நிறைந்துவிட்டது. வண்டியூரிலிருந்து என் பிறந்த வீட்டு ஜனம் இரண்டு மாட்டுவண்டியில் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தது. தாலி கட்டுகிற காட்சியில் என் வீட்டுக்காரர் எட்டு மாசக் கோபத்தை மூன்றாவது முடிச்சில் காட்டினார். எனக்குக் கழுத்து சிவந்துவிட்டது. விருந்துக் காட்சியில் என் அண்ணன், "வாருங்கள் மாப்பிள்ளை" என்றதும் கைதட்டல். அவ்வளவு உணர்ச்சியாகச் சொன்னான். பயம்தான், பதினாறு தடவை சொல்லவேண்டி வந்துவிடுமோ என்று.

கடைசிக் காட்சி வந்தது. தாடியோடு அவர் வந்து நின்றார். பக்கத்தில் மல்லிகா. ஆர்மோனியக்காரர் சோகமாக ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். நான் விழவேண்டிய இடம்.

நான் நின்றேன்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து, "விழும்மா" என்று குரல் வந்தது.

நான் நின்றேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், "அதான் அவரு சொல்றாருல்ல, விழு தாயி" என்றார். ஆர்மோனியக்காரர் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கூவென்று ஊளையிட்டது. மைக்செட்காரர் ஓடிப்போய் எதையோ திருகினார். ஊளை நின்றது. என் வீட்டுக்காரர் பேசினார்.

"சரோஜா, எனக்கு உங்கண்ணன் மேல கோவம் இல்ல. அந்தாளு வாங்கன்னா என்ன, சொல்லாட்டி என்ன. பந்தியில நீ என்னையப் பாத்த. எந்திரிச்சு வருவேன்னு நின்னேன். அம்புட்டுத்தான்."

கற்பகம் இல்லை, சரோஜா. ஆயிரம் பேர் முன்னால். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இலையில பாயாசம் ஊத்திட்டான். அது பாட்டுக்கு ஓடுது. எப்படி எந்திரிக்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து, "அதுவும் சரிதான" என்று ஒரு குரல் வந்தது. தெரு சிரித்தது. என் வீட்டுக்காரர் ஒட்டுத் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"நல்லா இருந்துச்சா?"

"இனிப்புக் கம்மி."

மல்லிகா, பாவம், எட்டு மாசப் பழக்கம், அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அம்மா இனிப்புக் கம்மின்னு சொல்றாங்க."

"எனக்கே கேட்டுச்சுத்தா" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். தாடி கழன்று விழுந்தது. அந்தக் காட்சியில் வேலையே இல்லாத என் அண்ணன் சைடிலிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வாருங்கள் மாப்பிள்ளை" என்றான். வேறு வசனம் அவனுக்குத் தெரியாது. படுதாவை இழுத்துவிட்டார்கள். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. கூட்டம் கலையும்போதே, அந்தப் பாயாச வசனம் மாதிரி பிராம்ட்டர் இதுவரை இன்னொன்று எழுதியதில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு உறைத்தது அங்கேதான். பாயாச வசனம் என்னுடையது. அதை அவர் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தினது யாருடையது?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்களாச் சொன்னீங்களா, அவரு எடுத்துக் குடுத்தாரா?"

"பிராம்ட்டரைக் கேளு."

மறுநாள் பிராம்ட்டரைக் கேட்டேன். "ஒம் புருசனைக் கேளு தங்கச்சி."

அன்றிலிருந்து இதே பதில்தான். நான் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். மைக் ஊளையிட்டதில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். மைக்செட்காரர், படுதாவுக்குப் பின்னால் பிராம்ட்டர் உதடு அசைந்ததைப் பார்த்தேன் என்றார். அது எப்போதும் அசையும். சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தாலும் அசையும். பிராம்ட்டரிடம் நோட்டைக் கேட்டேன். கரையான் அரித்துவிட்டது என்றார். கொண்டுவாங்க என்று அடம்பிடித்து வாங்கிப் பார்த்தேன். நோட்டு முழுசாக இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் காணோம். அழகாக, நூல் பிடித்த மாதிரி கிழித்துச் சாப்பிட்ட கரையான்.

நானே யோசித்துப் பார்த்தேன். பிராம்ட்டர் எழுதியிருந்தால், "கண்ணே கற்பகம், யான் சினம் கொண்டேன்" என்றல்லவா இருக்கும். அப்படியானால் என் வீட்டுக்காரர் சொன்னதுதான். ஆனால் அவர் கல்யாணமான நாள் முதல் என்னிடம் மூன்று வரி சேர்த்துப் பேசியதில்லை. அப்படியானால் பிராம்ட்டர் சொன்னது. பந்தி விஷயம் பிராம்ட்டருக்கு எப்படித் தெரியும்? தினமும் வெற்றிலை வாங்கிக்கொண்டு போன என் வீட்டுக்காரரே சொல்லியிருப்பார். தாலுகா ஆபீஸ் வாசலில் மற்றவர்கள் மாதிரி உட்கார்ந்து மனுப் போட்டிருப்பார். இப்படியே போய்ப் போய்த் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

சும்மா இருந்திருப்பேன். போன மாசம் வண்டியூரில் என் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் இருந்தபடி வாசலைப் பார்த்தேன். பந்தல் காலில் சாய்ந்துகொண்டு பிராம்ட்டரும் என் வீட்டுக்காரரும், இரண்டு கிழவர்களும், சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பல் இல்லை, இன்னொருவருக்குக் காது கேட்காது. அப்படி என்ன சிரிப்பு? எழுந்து போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கப்பென்று வாயை மூடினார்கள். பிராம்ட்டர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர், "வந்துட்டியா, பாயாசம் ஊத்தலையா?" என்றார்.

ஊற்றினார்கள். நான் இப்போதெல்லாம் பாயாசத்தை இலையில் வாங்குவதில்லை. டம்ளரில்தான் வாங்குகிறேன். வாசலில் யாராவது நின்றால் எழுந்து போக வசதியாக.

பிராம்ட்டர் அண்ணே, இந்தப் பத்திரிகையை நீங்கள் அட்டை முதல் அட்டை வரை படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போதும் உங்கள் உதடு அசைந்துகொண்டுதான் இருக்கும். ஊரார் எல்லாருக்கும் வார்த்தை கொடுத்தீர்கள். எனக்கு ஒரே ஒரு வார்த்தை கொடுங்கள். நீங்களா, அவரா? நீங்கள் என்றால், உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். அவர் என்றால், இத்தனை வருஷம் நான் ஒரு விசிலுக்கும் இரண்டு விசிலுக்கும் நடுவில் எதையோ கேட்காமல் விட்டிருக்கிறேன், அதை இனிமேலாவது கேட்டுக்கொள்கிறேன்.

பதில் எனக்குத் தனியாக வரக்கூடாது. என் வீட்டுக்காரர் வழியாகவும் வரக்கூடாது. இதே பத்திரிகையில், படுதாவுக்கு வெளியே வந்து நின்று, உங்கள் வாயால் சொல்லுங்கள். நாலாவது வரிசை வரைக்கும் கேட்கவேண்டும்.